அந்திரிக்கு உடம்பு சரியில்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம் ஏப்ரல் மாதம் பதினைந்தாம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு மதுரை மாநகரில் நடந்த ஒரு மகத்தான நிகழ்ச்சியைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. பாண்டியர் காலத்தில் இப்படி நடந்ததில்லை. நாயக்கர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. கும்பினியார் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டவர்கள், இதற்குப் போட மறந்துவிட்டார்கள். அதாவது, இரண்டு மீன்கள் முறைப்படி, எழுத்து மூலமாக, சாட்சி வைத்து, ஒரு குமாஸ்தாவின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன.

குமாஸ்தாவின் பெயர் மரியராஜ். கீழவெளி வீதிக்குப் பின்னால், வெள்ளைக்காரப் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக எழுத்து வேலை பார்ப்பவர். சாட்சி, காவல்காரர் விருமாண்டி. ஒப்படைத்தவர் பள்ளிக்கூடத்தின் மானேஜர் சாமி. பிரெஞ்சுக்காரர், நரைத்த தாடி, தமிழ் நாட்டுக்கு வந்து முப்பது வருடம். அவருடைய தமிழ் வேதபுத்தகத்திலிருந்து நேரே இறங்கி வந்த தமிழ். கடைக்காரனிடம் வெல்லம் வாங்கினாலும் பிரசங்கம் செய்வது போலத்தான் இருக்கும். வருடா வருடம் வெயில் ஏறியதும் மற்றச் சாமியார்களோடு கொடைக்கானல் மலைக்குப் போய்விட்டு ஜூன் மாதம் இறங்குவார். புறப்படும்போது வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் இரண்டு வாக்கியம் சொன்னார்.

"மரியராஜே, சர்க்கார் மானியம் குறைந்துபோயிற்று, ஜூன் மாதத்துக்குமேல் நமக்கு ஒரு குமாஸ்தா போதும், அது யார் என்பதை நான் திரும்பி வந்து சொல்லுவேன்."

"ஆகட்டும் சாமி."

"என் மீன்களைக் கண்ணின் மணிபோலக் காத்துக்கொள்."

வண்டி போய்விட்டது. சாமி இரண்டையும் தனித்தனி வாக்கியமாகத்தான் சொன்னார். ஆனால் இருபத்திரண்டு வருடம் மேலதிகாரிகளின் வாக்கியங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று துழாவியே பிழைத்த மனுஷனுக்கு இரண்டும் ஒரே வாக்கியமாகக் கேட்டதில் ஆச்சரியமில்லை. மீன் பிழைத்தால் வேலை பிழைக்கும். வேலை போனால் வீடும் போகும். சந்துக்குள் இருந்த அந்த ஓட்டு வீடு பள்ளிக்கூடத்துடையது. இன்னொரு குமாஸ்தா சின்னச்சாமிக்கு வயது இருபத்தாறு. லீவு விட்ட மறுநாளே உசிலம்பட்டிக்கு மாமனார் வீட்டு விருந்துக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். அவன் பொறுப்பில் ஒரு கொசுகூட விடப்படவில்லை என்பதை மரியராஜ் திருப்தியோடு நினைத்துக்கொண்டார்.

கண்ணாடித் தொட்டி ஆபீஸ் அறையில், வடக்கு ஜன்னலுக்குக் கீழே, மேஜையின் மேல் இருந்தது. இரும்புச் சட்டம், நாலு பக்கமும் தடித்த கண்ணாடி, அடியில் ஆற்று மணல், நடுவில் கற்றையாக வேலம்பாசி. அதற்குள் இரண்டு தங்க மீன்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் மதராஸிலிருந்து மண்ணெண்ணெய்த் தகரத்தில் ரயிலேறி வந்தவை. சாமிக்கு இரண்டு தம்பிமார் இருந்தார்கள். இருவரும் ஜெர்மன் சண்டையில் ஒரே மாதத்தில் செத்துப்போனார்கள். அந்தப் பெயர்களைத்தான் மீன்களுக்கு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவைகளோடு அரைமணி நேரம் பிரெஞ்சில் பேசுவார். ஒல்லியானது லூயி. குண்டானது, சாமி மூக்கால் சொன்ன பெயரை மரியராஜ் காதுக்கு எட்டியவரை எழுதிக்கொண்டபடி, அந்திரி.

சாமி விட்டுச் சென்ற காகிதத்தில் 'நோயின் அடையாளங்கள்' என்று தலைப்புப் போட்டுப் பதினோரு குறிப்பு இருந்தது. ஏதோ பிரெஞ்சுப் புத்தகத்தைப் பார்த்து அவரே தமிழில் எழுதியது. செட்டைகளை உடம்போடு மடக்கிக்கொள்ளுதல். நிறம் மங்குதல். நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தல். இரையை வெறுத்தல். கல்லிலும் பாசியிலும் உடம்பைத் தேய்த்தல். வயிறு வீங்குதல். உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றுதல். கூட்டத்தை விட்டு மூலையில் ஒதுங்குதல். மொத்தம் இரண்டே மீன் இருக்கிற இடத்தில் கூட்டம் எது, மூலை எது என்று மரியராஜுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் மேலிடத்துக் காகிதத்தில் சந்தேகம் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அவர் தமக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர் ஒன்றில் மிச்சமிருந்த தாள்களில் கோடு போட்டார். பெயர்: அந்திரி. தகப்பனார் பெயர்: தெரியவில்லை. மதம்: ரோமன் கத்தோலிக்கம். ஆணா பெண்ணா: ஆண். இந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் வேறு எதுவும் எழுதப்பட்டதில்லை. அங்க அடையாளங்கள் இரண்டு வேண்டும். பையன்களுக்கென்றால் சட்டையைக் கழற்றச் சொல்லி மச்சத்தைத் தேடலாம். மரியராஜ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொட்டியின் முன்னால் குனிந்தார். முக்கால் மணி நேரம் குனிந்தபடியே இருந்தார். கடைசியில், வாலின் இடது நுனியில் சிறு கிழிசல் ஒன்று, முதுகுச் செட்டைக்குக் கீழே வெளுத்த செதில் ஒன்று என்று எழுதினார். நடத்தை: நன்று. லூயிக்கும் இதேபோல் ஒரு தாள்.

விருமாண்டி வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் ரைட்டரய்யா, கொளம்பு வச்சா ஒரு ஆளுக்குக் காணாது. இதுக்கு இம்புட்டுக் காகிதமா?"

"இது ஆபீஸ் விஷயம், விருமாண்டி."

"ஆபீஸ் விசயம்னா சரி. மனுச விசயமா இருந்தாத்தான் காகிதமே கெடைக்க மாட்டேங்குது."

மே மாதம் வந்தது. முந்நூறு பையன்களின் கூச்சல் வடிந்துபோன பள்ளிக்கூடம் தண்ணீர் வற்றிய குளம் மாதிரி கிடந்தது. மத்தியானம் தெருவில் நாய்கூட நடக்காது. வெட்டிவேர்த் தட்டியில் விருமாண்டி தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். ஈர வாசனை கொஞ்ச நேரம் அறையில் சுற்றிவிட்டு அடங்கும். தொட்டித் தண்ணீரில் பட்ட வெளிச்சம் கூரையில் ஏறி, வலை வலையாகப் பின்னி, அவிழ்ந்து, மறுபடி பின்னிக்கொண்டிருக்கும். மரியராஜ் நாற்காலியில் உட்கார்ந்து மீன்களைப் பார்ப்பார். முதல் வாரம் வியாதியைத் தேடிப் பார்த்தார். இரண்டாவது வாரம் கடமைக்காகப் பார்த்தார். மூன்றாவது வாரத்தில் எதற்காகப் பார்க்கிறோம் என்பதே மறந்துபோய்ப் பார்த்தார். அந்திரி திரும்பும்போது முதலில் கண் திரும்பும், அப்புறம் தோள், அப்புறம் அந்த மெல்லிய வால், துவைத்துக் காயப்போட்ட மஸ்லின் துணி காற்றில் புரளுவது போல, அவசரமே இல்லாமல் பின்னால் வரும். இந்த உலகத்தில் எதுவும் அவசரமில்லை என்று ஒருவன் கேள்விப்பட்டிருக்கலாம். மரியராஜ் அதை அப்போதுதான் கண்ணால் பார்த்தார்.

பார்த்தபடியே தூங்கிப்போவதும் உண்டு. தூக்கத்தில் அறை முழுக்கத் தண்ணீர் நிரம்பும். அலமாரிக் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளும். இருபத்திரண்டு வருடமாக அவர் சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்து அனுப்பிய பையன்கள் ஒவ்வொருவராக உள்ளே நீந்தி வருவார்கள். முகம் யாருக்கும் இருக்காது, மச்சம் மட்டும் இருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே ஒரு மச்சம் கடந்து போகும். வலது காதின் பின்னால் ஒரு தழும்பு கடந்து போகும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வராது. வாயைத் திறந்தால் குமிழிதான் வரும். விழித்துக்கொள்ளும்போது லூயி கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாருடைய அங்க அடையாளத்தை யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று அவருக்கு ஒரு கணம் குழப்பமாக இருக்கும்.

வீட்டில் இந்தக் கனவுக்கெல்லாம் இடம் கிடையாது. வீட்டில் பிலோமினாள் இருந்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். பிள்ளையில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தும் பிள்ளையில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிப் பல வருடம் ஆகிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் பற்றி அவள் பேசுவாள்.

"இன்னைக்கு என்ன செஞ்சுச்சு உங்க பிரெஞ்சுக்காரப் பிள்ளைக?"

"அந்திரி கொஞ்சம் மந்தமா இருக்கு. இரை முழுசாத் திங்கல. வயித்துப் பக்கம் லேசா உப்புன மாதிரி."

"எனக்கு வாரத்துல மூணு நாளு மண்டையப் பொளக்குது. அது எத்தனாவது அடையாளம்?"

மரியராஜ் சோற்றைப் பிசைந்தார்.

"பத்தொம்பது வருசத்துல என் மொகத்த ஒரு தடவையாச்சும் இப்பிடிக் குனிஞ்சு பாத்திருப்பீகளா? எனக்கு எங்க மச்சம்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. "சொல்ல வேணாம், சாப்பிடுங்க," என்று ரசத்தை ஊற்றிவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பதினோராம் தேதி சாயங்காலம் கோடை மழை அடித்தது. யானைமலைப் பக்கம் கறுத்து, புழுதியைத் தெருத் தெருவாக விரட்டிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனது. ஊரெல்லாம் மண் வாசனை. விருமாண்டி முற்றத்தில் விழுந்த மழைத் தண்ணீரில் இரண்டு வாளி பிடித்து, "நல்ல தண்ணிய்யா, குளுந்து கெடக்கு," என்று தொட்டியில் ஊற்றிவிட்டார். மறுநாள் காலை மரியராஜ் வந்து குனிந்து பார்த்தார். லூயியின் இரண்டு செவுள் மூடிகளிலும் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். அவசரமே அறியாத அந்த மீன் அந்திரியைத் தொட்டி முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தது. அந்திரி பாசிக்குள் புகுந்து உடம்பைத் தேய்த்தது. போட்ட இரை அப்படியே மணலில் கிடந்தது. நேற்றுவரை லேசாக உப்பியிருந்த வயிறு ஒரு பக்கம் கோணி நின்றது.

பதினொன்றில் நான்கு அடையாளங்கள். மரியராஜ் பெட்டியிலிருந்து நல்ல காகிதமாக எடுத்துக் கொடைக்கானலுக்கு எழுதினார். 'தங்கள் சமுகத்துக்குத் தாழ்மையுடன் அறிவித்துக்கொள்வதாவது: நாலு, ஐந்து, ஆறு, ஏழாம் அடையாளங்கள் பிரத்தியட்சமாகத் தென்படுகின்றன. உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.' தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து மூன்று நாள் அந்தத் தொட்டியின் முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வேலையை நினைத்துத்தான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வேலையை நினைத்திருந்தால் அந்த வாலின் கிழிசல் ஏன் கண்ணுக்குள் வந்து வந்து நிற்க வேண்டும் என்பதை அவர் விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் இறைச்சி கிடையாது, மீன்தான். அதனால் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கத்திலிருந்து மாயக்காள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குத் தவறாமல் வருவாள். பிலோமினாள் அன்றைக்கு மீனே வாங்கவில்லை. "என் வீட்டுக்காரருக்குக் கெண்டையப் பாத்தாலே கண்ணு கலங்குது. நீ ஒரு நிமிசம் வந்து ஆபீசுல இருக்கறதப் பாத்துட்டுப் போ, மாயக்கா," என்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கே கூட்டி வந்துவிட்டாள்.

மாயக்காள் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று விருமாண்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். தொட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள்.

"அய்யா, நான் செத்த மீனப் பாத்து எப்பப் பிடிச்சதுன்னு சொல்லுவேன். உசுரோட இருக்கறதப் பாத்து என்னத்தச் சொல்ல?"

"உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு."

அவள் குனிந்தாள். "செவுளு நல்லாச் செவந்திருக்கு. கண்ணு தெளிவா நிக்குது. செதிலு ஒண்ணு எளகல. நல்ல மீனுதான்யா. சாயங்காலம் வரைக்கும் கெடாது."

பிலோமினாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாயக்காள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். லூயி அந்திரியைப் பாசிப் பக்கம் முட்டித் தள்ளிக்கொண்டு போனது. மாயக்காளின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அடி ஆத்தே! இதுவா சீக்கு? திங்கக்கெழம மழை விழுந்துச்சுல்ல? கம்மாயில புதுத் தண்ணி இம்புட்டு ஏறுனாப் போதும், அம்புட்டு மீனும் கரையோரம் வந்து இதே கூத்துத்தான். இந்தா குண்டா இருக்கே, இது பொட்டை. வயிறு பூராம் சினை. அந்த ஆளு தொரத்துறான்."

"அது ஆண்," என்றார் மரியராஜ். "ரிஜிஸ்டர்ல இருக்கு."

"பொறந்தப்பப் பாத்தா எழுதுனீக?"

"அப்ப அந்த வெள்ளப் புள்ளி?"

"மீச மொளைக்கிற மாதிரின்னு வச்சுக்கங்களேன். இந்தச் சமயத்துல ஆம்பள மீனுக்கு மொகத்துல சொரசொரன்னு ஏறும். கெண்டையத் தடவிப் பாருங்க, கையில உரசும்." அவள் நிமிர்ந்து கூடைப் பக்கம் திரும்பினாள். பிறகு நின்றாள். "ரெண்டையும் பிரிச்சுக்கிரிச்சு வச்சுராதீக அய்யா. சினை எறங்காம உள்ளயே கட்டிக்கிட்டா பொட்டை செத்துரும். முட்ட போட்டதும் பாசிய மட்டும் வேற தண்ணிக்கு மாத்திப்புடுங்க. இல்லாட்டி அதுகளே தின்னுப்புடும்."

அவள் போன பிறகு மரியராஜ் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தின் சரித்திரத்திலேயே இவ்வளவு கடினமான கடிதம் எழுதப்பட்டதில்லை. எழுத வேண்டியது சந்நியாசிக்கு. எழுத வேண்டிய விஷயம் சந்நியாசிகளுக்கு எழுதத் தகாதது. அதுமட்டுமா? சண்டையில் செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்லி, அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று எப்படி எழுதுவது? 'அந்திரி இயற்கையின் நியமப்படி...' என்று தொடங்கி அடித்தார். 'லூயியின் நடத்தை நன்று எனக் குறிப்பிட்டிருந்தது தற்போது மறுபரிசீலனைக்கு உரியது...' அடித்தார். 'திருமண அந்தஸ்தை உத்தேசித்து...' இதையும் அடித்தார். மூன்று மணிக்குக் காகிதக் கூடை நிறைந்திருந்தது. நாலு மணிக்குக் கொடைக்கானலிலிருந்து முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது.

'மரியராஜே, இது கொடிய தொற்றுநோய். இருவரையும் உடனே பிரித்து வை. லூயியை உப்பிட்ட நீரில் இருக்கச் செய். பாசி யாவற்றையும் பிடுங்கி அகற்று. தொட்டியை உப்பினால் தேய். என் சகோதரரை ஒரு முறை இழந்தேன். அப்போது நான் தூரத்தில் இருந்தேன். இப்போதும் தூரத்தில் இருக்கிறேன்.'

மரியராஜ் கடைசி இரண்டு வரிகளை நாலைந்து தரம் படித்தார். ஒரு பக்கம் மானேஜர் சாமி, பிரெஞ்சுப் புத்தகம், முத்திரையிட்ட உத்தரவு. இன்னொரு பக்கம், செத்த மீனுக்கு மட்டும் வைத்தியம் தெரிந்த மாயக்காள். உத்தரவுப்படி பிரித்து வைத்து அந்திரி செத்தால் அது விதி. குமாஸ்தாவின் மேல் குற்றமில்லை. உத்தரவை மீறி ஒரு மீன் செத்தால் வேலை போகும், வீடு போகும், நாற்பத்தாறு வயதில் இன்னொருவன் படியில் போய் நிற்க வேண்டும். கணக்கு மிகவும் சுலபமானது. ஒரு குமாஸ்தா தப்பாகப் போடவே முடியாத கணக்கு.

சனிக்கிழமை விடியுமுன் ஒரு வாளியும் ஒரு பொட்டலம் கல்லுப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிலோமினாள் எதுவும் கேட்காமல் தானும் பின்னால் வந்தாள். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தபோது வெளியே வெளுத்துக்கொண்டிருந்த வானம் தண்ணீருக்குள் இறங்கியது. முதலில் சாம்பல் நிறம், அப்புறம் பால், அப்புறம் தண்ணீரே பற்றிக்கொண்ட மாதிரி ஒரு பொன். அதற்குள் இரண்டு மீனும் சுற்றிச் சுற்றி வந்தன. பாசியில் மோதி, தெறித்து, பிரிந்து, மறுபடி சேர்ந்தன. ஒவ்வொரு மோதலிலும் அந்திரியிடமிருந்து ஒரு புகை கிளம்புவது போல் இருந்தது. புகை அடங்கியதும் பாசியின் இலைக்கு இலை, ஊறின கசகசா போல, வெளிச்சம் ஊடுருவுகிற மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நூறு. இருநூறு. எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட மரியராஜ் எண்ணுவதை விட்டுவிட்டார். தண்ணீர் தெறித்து அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. துடைக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது. கையில் இருந்த பொட்டலம் வியர்வையில் நனைந்து, உப்பு விரல் வழியாகக் கசிந்து தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னாங்க, பிரிக்கலையா?" என்றாள் பிலோமினாள், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு உத்தரவை மனதுக்குள் ஒரு தரம் வரிவரியாகப் பார்த்தார். பாசி யாவற்றையும் பிடுங்கி அகற்று என்றுதான் இருந்தது. எங்கே அகற்ற வேண்டும் என்று இல்லை. உத்தரவில் இல்லாததை ஒரு குமாஸ்தா தன் யுக்திப்படி செய்யலாம். சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, பாசியை ஒரு இலை கசங்காமல் எடுத்து வாளியில் விட்டார். பிலோமினாள் வாளியை இரண்டு கையாலும் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல் நடந்து, வீட்டுக் கொல்லையில் மாடு தண்ணீர் குடிக்க என்று எப்போதோ வாங்கி மாடு வாங்காமலே போன கல்தொட்டியில் இறக்கினாள்.

அன்றைக்கு இரண்டாவது கடிதம் ஐந்து நிமிஷத்தில் எழுதி முடிந்தது. 'சாமி அவர்களுக்கு. இன்று காலை அந்திரி முட்டையிட்டது. இருவரும் நலம். பிரித்து வைக்கும்படி வந்த உத்தரவை நான் நிறைவேற்றவில்லை.' கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் தாழ்மையுடன் என்ற வார்த்தை இல்லாமல் அவர் எழுதிய முதல் கடிதம் அதுதான் என்பது தபாலில் போட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை. மூன்று வாரம் வரவில்லை.

லூயியின் செவுளில் இருந்த புள்ளிகள் மங்கி மறைந்தன. அந்திரி பழையபடி அவசரமில்லாமல் திரும்பியது. கல்தொட்டியில் மூன்றாம் நாளே கண்ணும் வாலும் மட்டுமான ஏதோ சில நூல்கள் பாசியில் தொங்கின. பிலோமினாள் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீரில் கரைத்து விட்டாள். அப்படிச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் மரியராஜ் விழிக்கும்போது அவள் கொல்லையில் குந்தியிருப்பாள். ஒரு நாள் அவரும் பக்கத்தில் போய்க் குந்தினார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தது. வலது புருவத்துக்குள், மயிருக்கு நடுவில், ஒரு சின்ன மச்சம்.

"என்ன பாக்குறீக?"

"ஒண்ணுமில்ல."

ஜூன் எட்டாம் தேதி திங்கட்கிழமை சாமி மலையிலிருந்து இறங்கினார். பெட்டியைக்கூட இறக்கவிடாமல் நேரே ஆபீசுக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார். மரியராஜை ஒன்றும் கேட்கவில்லை. ரிஜிஸ்டரைப் புரட்டவில்லை. "மற்றவர்கள் எங்கே?" என்று மட்டும் கேட்டார். மரியராஜ் தம் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நடந்தார். விருமாண்டி குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். அந்தச் சந்தில் மானேஜர் சாமி காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தரம். அவ்வளவு பெரிய உடம்பைக் கொல்லைக் கல்லில் மெதுவாக மண்டியிட வைத்தார். தொட்டிக்குள் நூற்றுக்கும் மேலே குஞ்சுகள். ஒன்றும் பொன்னில்லை. கண்மாயில் கிடைக்கிற எந்தக் குஞ்சையும் போல, மண் நிறம்.

"நெறம் வரல சாமி," என்றாள் பிலோமினாள் பயந்துகொண்டே.

"வரும், அம்மா. இதற்குக் காலம் வேண்டும்."

அவர் ஒரு விரலைத் தண்ணீருக்குள் விட்டார். சிதறிப் போன குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் ஒன்று, அப்புறம் நாலு, அப்புறம் கூட்டமாக. அந்த வெள்ளை விரலைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, முத்தமிடுவது போலக் கொத்திக்கொண்டு நின்றன. சாமி விரலை எடுக்கவில்லை. தாடியின் நுனி தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் விழுந்த வேப்ப மர நிழல் அசைந்தது. அந்த நிழலுக்குள் அத்தனை சிறு உயிர்களும் அசைந்தன. மரியராஜும் பிலோமினாளும் இருபுறமும் குந்தியிருந்தார்கள். 

புதன்கிழமை உத்தரவு வந்தது. வேலை சின்னச்சாமிக்கு. அவனுக்கு டைப் அடிக்கத் தெரியும்.